உள்ளே ஒரு வாட்ச்மேன்

வாட்ச்மேன் மூன்றாவது முறையாக விசில் அடித்தபோது செண்பகவல்லி டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் கை வைத்திருந்தாள். விசில் என்றால் ஊதுகிற விசில் இல்லை. போனில் சிவப்பாக ஒரு வரி வரும். 'மறுவளர்ச்சி கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது. மருத்துவரை அணுகவும்.' பக்கத்தில் கைகூப்பிய ஒரு பொம்மை. ஒருத்தியின் வயிற்றுக்குள் எதையோ சுரண்டி எரித்துவிட்டு வணக்கமும் போடுகிற மரியாதையை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அவள் கையைக் கழுவிவிட்டு டப்பாவை மூடினாள். மூன்று விசில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரத்தில் தெரியாத பெண் கிடையாது. கருப்பையை எடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சின்னச் சதைத் துணுக்குதான். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. இடையிடையே ரத்தம் படும். யார் யாரையோ பார்த்து, எதை எதையோ குடித்து, கடைசியில் பாளையங்கோட்டை டாக்டர் ஜெசிந்தாதான் ஸ்கேனில் கண்டுபிடித்தார். கருப்பையின் உள்சுவரில் பாலிப். கழுத்தில் மரு முளைக்கிறதில்லையா, அந்த மாதிரி உள்ளே ஒன்று. பெரும்பாலும் சாதுவானது, ஆனால் கரு தங்குவதற்கு இடைஞ்சல். போன வருஷம் மே மாத லீவில், வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாக மெல்லிய குழாயில் கேமராவை விட்டுத் திரையைப் பார்த்தபடியே வெட்டி எடுத்துவிட்டார். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எடுத்தது சரி, திரும்ப வராது என்று யார் சத்தியம் செய்வது? பாலிப்புக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. சிலருக்கு ஒருமுறை எடுத்தால் அத்தோடு போய்விடும், சிலருக்கு விட்ட இடத்திலேயே மறுபடி முளைக்கும். அதற்காக வந்ததுதான் வாட்ச்மேன். கம்பெனி வைத்த பேர் யார் வாயிலும் நுழையவில்லை, பெண்கள் வைத்த பேர்தான் நிலைத்தது. நெல்மணி அளவுக் கருவி. பாலிப்பை எடுத்த கையோடு உள்ளே வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் அது எதையும் தொடாது. உள்சுவர் மாதத்தில் எப்போது தடிக்கிறது, எவ்வளவு தடிக்கிறது, எப்போது உதிர்கிறது என்று பார்த்துப் படித்துக்கொள்ளும். அதன்பிறகு, படித்த பாடத்துக்கு மாறாக எது தலைதூக்கினாலும் அங்கேயே சுரண்டி எரித்துவிடும். காப்பீட்டுக் கம்பெனி இலவச முகாம் போட்டு ஊர் ஊராக வைத்துவிட்டுப் போனது.

மூன்று விசிலுக்குப் பிறகும் கருப்பையை எடுக்காமல் இருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் மூன்று சிவப்பு விழுந்த பெண்ணுக்குக் கருத்தரிப்பு சிகிச்சை செய்ய எந்த ஆஸ்பத்திரியும் கதவைத் திறக்காது. செண்பகவல்லிக்கு வயது முப்பத்தாறு. அவள் வேறு எதற்காக இந்த வாட்ச்மேனைச் சுமந்துகொண்டு திரிந்தாள்?

மறுநாள் கணவன் மகாராசனோடு பாளையங்கோட்டைக்குப் போனாள். மகாராசன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். கடையில் வாய் ஓயாது, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் ஊமையாகிவிடுவான்.

"மூணு தடவைங்கிறது அதிகம்தான் செண்பகம்," என்றார் டாக்டர் ஜெசிந்தா.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர். இடையில ரத்தம் படுறது நின்னுபோச்சு. வலி கெடையாது. அப்படி என்னத்ததான் வளருது உள்ள?"

"சில பேருக்கு அறிகுறியே இல்லாம வளரும்மா."

"அத லேபுக்கு அனுப்புனா என்னன்னு தெரிஞ்சுரும்லா?"

"முதல்ல நான் வெட்டி எடுத்தத அனுப்பினேன். சாதாரண பாலிப்தான், புற்றுநோய் இல்லைன்னு வந்துச்சு. இது உள்ளேயே எரிச்சிடுது. அனுப்புறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப வளந்துச்சுன்னு சொல்லுறதும் அதுதான், வெட்டுறதும் அதுதான், வெட்டுனது சரின்னு சாட்சி சொல்லுறதும் அதுதான். நல்லா இருக்கு டாக்டர்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட செண்பகவல்லிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆடி கழிஞ்சதும் ஆபரேஷனுக்கு தேதி குடுக்கச் சொல்லி எனக்கும் மெசேஜ் வந்திருச்சு. நான் கொஞ்சம் தள்ளிப்போடறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மகாராசன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "எடுத்தா எத்தன நாளு ரெஸ்ட் எடுக்கணும் டாக்டர்?"

அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது அவளுக்கு. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் ஊர் வரும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகாராசனின் அக்கா பேச்சியம்மாள் காத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி மாவு மில் நடத்துகிறவள். புருஷன் லாரியில் வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் வரமாட்டான், மில்லையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒற்றை ஆளாய்க் கட்டி இழுப்பவள். பேச்சியம்மாளுக்கும் பாலிப் இருந்தது, வாட்ச்மேன் இருந்தது, மூன்று விசிலும் விழுந்தது. போன தை மாதம் எடுத்துவிட்டாள். அதிலிருந்து இந்த விஷயத்தில் ஊருக்கே வக்கீல் அவள்தான்.

"எடுத்துப் போடுட்டி சவத்த," என்றாள் பேச்சியம்மாள். "நான் எடுக்கலையா? எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? எடுத்து லேபுல பாத்துட்டு ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்குன்னு டாக்டரம்மா கையப் புடிச்சு சொன்னாவ. மாசாமாசம் அந்தக் கருமம் இல்ல. நெனச்ச நேரம் கோயிலுக்குப் போறேன்."

சொல்லிக்கொண்டே முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டாள். எடுத்ததிலிருந்து அவளுக்கு நின்றால் வேர்வை, உட்கார்ந்தால் இடுப்புவலி. ஆனால் ஒன்றும் குறையவில்லை என்பதில் மட்டும் மாற்றமே இல்லை.

"உங்களுக்கு ரெண்டு புள்ள இருக்கு மதினி."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு தத்து எடுத்துக்கிடுங்க. என் சின்னவள வேணும்னாலும் கூட்டிட்டுப் போ."

தாராளமாகத்தான் சொன்னாள். அந்தத் தாராளம்தான் செண்பகவல்லியின் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது. கெட்டவர்கள் சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம். நல்லவர்கள் சொல்வதை என்ன செய்வது? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தம்போட்டுக் கழுவினாள்.

வேலைக்குப் போனாலாவது நிம்மதி என்றால் அங்கே அதற்கு மேல். ஆடிக் காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கிற சமயம். காற்றாலைப் பண்ணையில் வருஷ வருமானம் முழுக்க இந்தச் சில மாதங்களில்தான். கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பு செண்பகவல்லியுடையது. புதிதாக சென்சார் பொருத்திய பதினேழாம் நம்பர் காற்றாடி மட்டும் காற்று ஏற ஏற 'பேரிங் கோளாறு' என்று அலறித் தானாகவே நின்றுகொண்டிருந்தது. ஓட்டிவிட்டால் மறுபடி நிற்கும். மேலதிகாரி போனில் கத்தினார். மேலே ஏறிப் பார்க்க ரீகனை அனுப்பினாள். அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது இங்கே மெக்கானிக்.

ரீகன் மேலிருந்து வாக்கிடாக்கியில் சிரித்தான். "செண்பகம், பேரிங்கு கல்லு மாதிரி கெடக்கு. கோளாறெல்லாம் சென்சாருலதான். இத மாசியில மாட்டியிருக்கானுவ. காத்தே இல்லாத மாசத்துல பாத்துப் படிச்சிருக்கு. இப்ப மெஷினு ஒழுங்கா ஓடுறதப் பாத்து பயந்து கத்துது."

"அப்ப படிச்சத அழிச்சுட்டு மறுபடி படிக்க விடு," என்றாள். இந்த மாதிரி எத்தனையோ தடவை சொன்ன உத்தரவுதான்.

வாக்கிடாக்கியை வைத்த பிறகும் அந்த உத்தரவு அவளை விடவில்லை. மெஷின் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துப் பயந்து கத்துகிறது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில்லாத மாதம் ஒன்று தன் உடம்புக்கும் இருந்ததா?

இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

பாலிப்பை எடுத்தது மே மாதம். பள்ளிக்கூட லீவு. அப்போதுதான் அவள் பஞ்சாயத்து வார்டில் பாதிப் பெண்கள் முகாமுக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் படுக்கலாம் அல்லவா? அடுத்த சில வாரங்களிலேயே அம்மன் கோயில் திருவிழா, எங்கள் பக்கத்தில் கொடை என்பார்கள். மகாராசன் குடும்பத்துக்கு முளைப்பாரி எடுக்கும் முறை. எடுக்கிற மருமகளுக்கு அந்த நேரத்தில் மாதவிலக்கு வந்தால் குடும்பமே ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் கொடைக்குக் கால் நாட்டியதுமே பேச்சியம்மாள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிவந்துவிடுவாள். பெயர்கூடச் சொல்ல வேண்டாம். 'கொடை மாத்திரை' என்றால் கடைக்காரர் பேப்பரில் மடித்துத் தந்துவிடுவார். அந்த மாதம் செண்பகவல்லி முளைப்பாரி எடுத்தாள். அதற்கடுத்த மாதம் பேச்சியம்மாளின் மூத்த மகளுக்குப் பூப்புச் சடங்கு. தாய்மாமன் பெண்டாட்டி இல்லாமல் சடங்கு நடக்குமா? மறுபடியும் மாத்திரை.

வாட்ச்மேன் பாடம் படித்த இரண்டு மாதமும் அவள் உடம்பு அவள் உடம்பாகவே இல்லை.

டாக்டர் ஜெசிந்தாவிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் பழைய குறிப்பைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நான் கேட்டேனே செண்பகம். வாட்ச்மேன் வைக்கும்போதும் கேட்டேன், அடுத்த தடவை வந்தப்பவும் கேட்டேன். வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு."

"சுகர், பிரஷர், தைராய்டுக்கு மருந்து சாப்பிடுதியான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். கொடை மாத்திரைய யாராச்சும் மருந்துன்னு நெனைப்பாங்களா டாக்டர்? நோவுக்கா சாப்பிடுதோம்?"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே போட்டிருக்கேன். எனக்கும் அது மருந்துன்னு தோணல பாருங்க. தோணியிருந்தா பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்."

பிறகு விளக்கினார். மாத்திரையில் இருக்கிற ஹார்மோன் உள்சுவரை அதன் போக்கில் வளரவிடாது. மெலிந்து, அடங்கி, உதிராமல் நிற்கும். அதுதான் இவளுடைய இயல்பு என்று வாட்ச்மேன் எழுதி வைத்துக்கொண்டது. மாத்திரை நின்ற பிறகு உள்சுவர் எல்லாப் பெண்களுக்கும் போல மாதாமாதம் தடிக்கத் தொடங்கியது. அது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்த மாதமெல்லாம் பாலிப் முளைத்துவிட்டது என்று விசில்.

"அப்ப அது சுரண்டுனது பாலிப் இல்ல."

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"கரு வந்து உக்கார வேண்டிய மெத்தையத்தான் அது மூணு தடவ எரிச்சிருக்கு."

டாக்டர் தலையசைத்தார். செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. மேசையில் கிடந்தது பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கருப்பை பொம்மை மட்டும்தான்.

"படிச்சத அழிச்சுட்டு மறுபடி படிக்க விடுங்க," என்றாள்.

"முடியாதும்மா. ஒரே ஒரு தடவைதான் படிக்கும். நடுவுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அப்படித்தான் பண்ணியிருக்காங்க. வேணும்னா நான் அதை வெளிய எடுத்துடலாம். ஆனா மூணு சிவப்பு உங்க பேர்ல அப்படியே இருக்கும். அதை அழிக்கணும்னா கம்பெனியோட மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகணும். போனா, பேஷண்ட் பொய் சொல்றாங்க, கருவி தப்புப் பண்ணாதுன்னு ஒரே வரில தள்ளிடுவாங்க. எரிச்சாச்சு, காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

"வேற என்னதான் வேணும் அவங்களுக்கு?"

"மூணு விசில் விழுந்து கருப்பைய எடுத்த ஒரு பெண். எடுத்ததை லேப்ல பாத்து, பாலிப் வளர்ந்த தடமே இல்லைன்னு வந்திருக்கணும். அந்தப் பெண், முதல் ரெண்டு மாசமும் நான் மாத்திரை போட்டேன்னு தன் வாயால சொல்லணும். அப்படி ஒருத்தர் வந்தா மறுக்க முடியாது."

செண்பகவல்லி அவரையே பார்த்தாள். பேச்சியம்மாள் வாட்ச்மேன் வைத்தது, இவள் வைத்ததற்கு முந்திய வருஷத்து மே மாதம். அந்த வருஷமும் கொடை உண்டு. அடுத்த மாதம் பேச்சியம்மாளின் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. சுத்தமா இருக்குன்னு டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொன்னார்களாம்.

"எங்க மதினி," என்றாள்.

"அவங்க சம்மதம் இல்லாம நான் யாரைப் பத்தியும் பேச முடியாது," என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் செண்பகவல்லியின் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் மகாராசன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். மோட்டார்க்காரனுக்கு இயந்திரக் கணக்கு சட்டென்று புரிந்தது. அக்கா கணக்குதான் இடித்தது.

"அவட்ட சொல்லாத," என்றான். "பாவம், எடுத்ததுதான் நல்லதுன்னு நெனச்சுட்டு நல்லாத்தான இருக்கா. இப்ப போயி, ஒனக்கு சும்மா எடுத்துட்டாங்கன்னு சொன்னா அவ தாங்குவாளா? அதுவும் அந்த மாத்திரைய வாங்குனதே அவதான்."

"அப்ப நான் எடுத்துக்கிடவா?"

அவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"சொல்லுங்க. ஒங்க அக்கா மனசு நோகக் கூடாதுன்னா நான் ஆஸ்பத்திரில போயிப் படுத்துக்கிடுதேன். எத்தன நாளு ரெஸ்ட்டுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சொன்ன பிறகு அவளுக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருஷமாக எல்லோருடைய மனசும் நோகாமல் பார்த்துக்கொண்டவள் அவள். இந்த ஒரு தடவை யாராவது அவளுக்காக நோகட்டும் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போன நேரமாகப் பார்த்து மில்லுக்குப் போனாள். பேச்சியம்மாள் வாசல் படியில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் சலித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி சுற்றி வளைக்கவில்லை. காற்றாடியில் தொடங்கி டாக்டர் சொன்னதுவரை வரிசையாகச் சொன்னாள். பேச்சியம்மாளின் கை நிற்கவேயில்லை. சல்லடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப எனக்கு எடுத்தது?"

"உங்களோடது நல்லாத்தான் இருந்திருக்கு மதினி."

"லேபுல சுத்தமா இருக்குன்னு சொன்னாவளே, அது அந்த சுத்தமா?"

"ஆமா."

"மாத்திரைய நான்தான வாங்கியாந்தேன்."

"நீங்க வாங்காட்டி நானே வாங்கியிருப்பேன். எல்லாரும்தான் போடுதோம்."

பேச்சியம்மாள் சல்லடையைத் தட்டிக் கவிழ்த்தாள். "நீ கோட்டிபிடிச்சுப் போயி ஒளறுத," என்றாள். "ஒனக்குப் புள்ள வேணும்னு என்னத்தையாச்சும் சொல்லாத. எனக்கு ஒண்ணும் கொறையல. எந்திரிச்சுப் போ."

செண்பகவல்லி எழுந்து போனாள். அதன்பிறகு பேச்சியம்மாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சின்னவளை அனுப்பி, கொடுத்து வைத்திருந்த இட்லிக் கொப்பரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மகாராசன் 'நான் அப்பவே சொன்னேன்' என்று வாயால் சொல்லாமல் நடமாடி நடமாடிக் காட்டினான். ஆடி முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. அந்தத் தேதியைப் பார்க்கப் பார்க்க செண்பகவல்லிக்கு வாட்ச்மேன் மேல் இருந்த கோபத்தைவிட மதினி மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்காகத் தன்மேல் கோபம் வந்தது.

ஒரு காலையில் வாசலில் செருப்புச் சத்தம். பேச்சியம்மாள் நின்றாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை, தலையில் பூ இல்லை.

"எங்கட்டி போயிச் சொல்லணும்?" என்றாள்.

செண்பகவல்லி கதவை முழுக்கத் திறந்தாள்.

"எனக்கு இனிமே புள்ள பெறுற எண்ணமெல்லாம் இல்ல, பாத்துக்கோ," என்றாள் பேச்சியம்மாள், யாரோ கேட்டது போல. "கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க, குடுத்தேன். நல்லா இருந்தத எதுக்குக் குடுக்கணும்? அது என்னோடதுல்லா?" கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி எல்லாம் தூங்காம வேத்து ஊத்துது. ஒருத்தர்ட்டயும் சொல்லல. நான்தான ஊரெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித் திரிஞ்சேன்."

மேல்முறையீட்டுக் குழு நேரில் வரவில்லை. டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் ஒரு திரையில் வந்தது. டை கட்டிய ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு செடி. சென்னையிலிருந்து பேசினாரோ பெங்களூரிலிருந்து பேசினாரோ, நல்ல தமிழில்தான் பேசினார். டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். தான் கேட்கத் தவறியதையும் மறைக்காமல் சொன்னார். டை கட்டியவர் கேட்டுக்கொண்டு பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"கருவி வெச்ச முதல் ரெண்டு மாசம் ஹார்மோன் மாத்திரை எடுக்கக் கூடாதுங்கறது விதிம்மா. நீங்க அதை மீறியிருக்கீங்க. தெரியுமா?"

"தெரியாது," என்றாள் பேச்சியம்மாள். "உங்க மெஷினுக்குக் கொடைன்னா என்னன்னு தெரியுமா?"

அவர் புரியாமல் விழித்தார்.

"எங்க ஊருல மே மாசம்தான் முகாம் போட்டீங்க. அதுக்கடுத்துதான் எல்லா ஊருலயும் கொடை. மாத்திர போடாத பொம்பள எங்க இருக்கா? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா பங்குனிக்கு முன்னாலயே போடுங்கன்னு சொல்லியிருப்போம். ஐப்பசியில போடுங்கன்னு சொல்லியிருப்போம். இவ எம் தம்பி பொண்டாட்டி. இவளுதையும் எடுக்கணும்னு நிக்கீங்க. என்னுத எடுத்து ஒண்ணுமில்லன்னு நீங்களே பாத்துட்டீங்கல்ல? அது போதாதா?"

அவர் எதையோ தட்டச்சு செய்தார். "தகவலுக்கு நன்றி. ஆய்வு செய்து தெரிவிக்கிறோம்," என்றார். செண்பகவல்லியின் ஆபரேஷன் தேதியை மட்டும் நிறுத்திவைத்தார். வாட்ச்மேனை வெளியே எடுக்க டாக்டருக்கு அனுமதி கிடைத்தது. மற்ற பெண்களைப் பற்றி டாக்டர் கேட்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

ஆய்வு என்றால் எத்தனை நாள்? புரட்டாசி போனது, கார்த்திகை போனது. டாக்டர் வாரம் ஒரு கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. செண்பகவல்லிக்கு முப்பத்தேழு வயது பிறந்தது. மற்ற பெண்களுக்கு விசில் விழுந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் ஜெசிந்தா தன்னிடம் வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார். தன்னிடம் வராதவர்களை அவர் எங்கே போய்த் தேடுவார்?

பங்குனியில் ஒரு நாள் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும்போது செண்பகவல்லியின் போனில் பச்சையாக ஒரு வரி வந்தது. 'உங்கள் மறுவளர்ச்சி எண்ணிக்கை பூஜ்யம் எனத் திருத்தப்பட்டது. கருத்தரிப்பு சிகிச்சைக்குத் தடை இல்லை.' அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மகாராசனுக்குச் சொல்வதற்கு முன்னால் மதினிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பர்மிஷன் போட்டுவிட்டு நேராக மில்லுக்குப் போனாள்.

மில்லில் நல்ல கூட்டம். பங்குனிப் பொங்கலுக்கு மாவிளக்கு மாவு அரைக்கப் பெண்கள் வாளியும் டப்பாவுமாக நின்றார்கள். செண்பகவல்லி விஷயத்தைக் காதோடு சொன்னதும் பேச்சியம்மாள் மாவுக் கையாலேயே அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஏட்டி, போயி மொதல்ல டாக்டரப் பாரு," என்று சிரித்தாள். செண்பகவல்லி அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அப்போது பேச்சியம்மாளின் போன் மேசையில் சிணுங்கியது.

"கையெல்லாம் மாவு. என்னன்னு வாசி."

செண்பகவல்லி மனதுக்குள் வாசித்தாள்.

"சத்தமா வாசி."

"'அன்புள்ள பேச்சியம்மாள், உங்கள் மறுவளர்ச்சி எண்ணிக்கை பூஜ்யம் எனத் திருத்தப்பட்டது. உங்களுக்குக் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'"

பேச்சியம்மாள் மில்லை நிறுத்தினாள். பெல்ட் மெதுவாக ஓய்ந்தது. அந்த அமைதியில் வரிசையில் நின்ற ஒருத்தியின் இடுப்பில் போன் ஒலித்தது. பிறகு வாசல் பக்கம் நின்ற இன்னொருத்திக்கு. அவளுக்கு முப்பது வயது இருக்கும், வாளியைத் தூக்க முடியாமல் தரையில் வைத்துக் காலால் தள்ளிக்கொண்டு வந்தவள். போனைப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"எனக்கும் அதேதானான்னு பாருங்கக்கா."

செண்பகவல்லி பார்த்தாள். பேர் மட்டும்தான் வேறு.

"ஒனக்கு எப்ப எடுத்தாங்க?" என்றாள் பேச்சியம்மாள்.

"போன மாசம். தையல் இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கு."

"போன மாசமா? நாங்க போயி ஆவணியிலயே சொல்லியாச்சே."

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லப்படுகிறது என்று விளங்கவில்லை. "அப்ப எடுக்க வேண்டாம்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாள் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு தன் போனை வாங்கினாள். வாசிக்கத் தெரிந்தவள்தான், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு செண்பகவல்லியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்குப் பதில் எழுத எடம் எங்கட்டி இருக்கு?"

செண்பகவல்லி மேலும் கீழும் தள்ளித் தேடினாள். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது.

"பதில் எழுத முடியாதாம் மதினி," என்றாள். "இது நமக்குச் சொல்லுறதுக்கு மட்டும்தானாம்."